1979 அறிக்கையில் தைவானை அமெரிக்கா விட்டுக்கொடுத்துவிட்டதா?

இல்லை. சீனாவுடன் உறவு ஏற்படுத்திய 1979 ஜனவரி 1 கூட்டறிக்கையில் அமெரிக்கா அங்கீகரித்தது பெய்ஜிங் அரசை மட்டும்தான். தைவான் சீனாவின் பகுதி என்பதைச் சீனத்தரப்பின் நிலைப்பாடாக அறிந்திருப்பதாகச் சொன்னதோடு சரி.

தைவான் சீனாவின் பகுதி என்று அமெரிக்காவே அங்கீகரித்ததாக எங்காவது படித்திருந்தால், அது அறிக்கையின் சீன வடிவத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்பாக இருக்கலாம். ஆங்கிலத்தில் பெய்ஜிங் அரசுக்கு 'ரெகக்னைசஸ்' (அங்கீகரிக்கிறது), தைவான் பற்றிய நிலைப்பாட்டுக்கு 'அக்னாலெட்ஜஸ்' (அறிந்திருக்கிறது) என இரண்டு வினைச்சொற்கள். சீனத்தில் இரண்டுக்கும் 'செங்ரென்' (அங்கீகரித்தல்) ஒன்றேதான். இரு நாடுகளும் முன்பு வெளியிட்ட 1972 ஷாங்காய் அறிக்கையின் சீன வடிவத்தில், தைவான் பற்றிய இடத்தில் 'ரென்ஷிதாவ்' (அறிந்திருத்தல்) என்ற மென்மையான சொல் இருந்தது. இது சின்ன மாற்றமே இல்லை. வாஷிங்டன் இன்றும் ஆங்கில வடிவத்தையே தன்னைக் கட்டுப்படுத்துவதாகக் கொள்கிறது.

சரிபார்க்க, ஆங்கில அறிக்கையில் தைவான் வரும் வாக்கியத்தின் வினைச்சொல்லை மட்டும் பாருங்கள்.

இதே வாசகத்தை மற்ற நாடுகளுக்குப் பொருத்திவிடாதீர்கள். கனடா 1970-ல் 'கவனத்தில் கொள்கிறோம்' என்றுதான் எழுதியது.