தொலைக்காட்சி கேட்கும் விளையாட்டு (கடிதம்)

அன்புள்ள ஐயா,

எங்கள் சிறு நிறுவனம் மொபைல் கேம்கள் செய்கிறது. ஒரு குழந்தைகள் தொலைக்காட்சி தன் கார்ட்டூன் தொடருக்கு ஒரு கேம் கேட்டிருக்கிறது. ஆனால் தனி ஆப் வேண்டாம், பிரௌசரில் ஓடுவதாகச் செய்யுங்கள் என்கிறார்கள். ஸ்டோரில் தனியாக வைத்தால்தானே பெயர் கிடைக்கும்? இது பழைய பாணியல்லவா?

ரா.

அன்புள்ள ரா.,

பழைய பாணியல்ல, பட்டுத் தெளிந்த பாணி. தொலைக்காட்சிகளின் இணையதளங்களில் ஒருகாலத்தில் எல்லாம் ஃபிளாஷ் கேம்கள்தான் (ஃபிளாஷ் என்பது பிரௌசரில் அசைவுப் படங்களை ஓட்ட அடோபி நிறுவனம் தந்த மென்பொருள்). ஐபோனில் அவை ஓடவே இல்லை. 2020 டிசம்பர் 31-உடன் அடோபியே ஃபிளாஷைக் கைகழுவியது. இப்போது பிரௌசர்களே நேரடியாக ஓட்டும் ஹெச்டிஎம்எல்5-இல் ஒருமுறை செய்தால் இணையதளத்திலும் ஓடும், ஆப்புக்குள்ளும் ஓடும். அமெரிக்காவின் பிபிஎஸ் கிட்ஸ், பிரிட்டனின் சிபீபீஸ் ஆகிய குழந்தைகள் தொலைக்காட்சிகள் இரண்டுமே ஒரே ஆப்புக்குள் பல தொடர்களின் கேம்களை வைத்திருக்கின்றன. பெற்றோர் ஒருமுறை நிறுவினால் போதும். தொடர் முடிந்த பிறகும் அதன் தனி ஆப்பை ஒவ்வொரு புதிய ஆண்ட்ராய்டுக்கும் யார் புதுப்பித்துக்கொண்டிருப்பது? பெயர் என்கிறீர்கள். நான்கு வயதுக் குழந்தை தேடுவது கார்ட்டூன் முகத்தை, உங்கள் லோகோவை அல்ல.

உங்களுக்கு முதல் இடறல் இங்கேதான் வரும்: வழக்கமாகச் சேர்க்கும் விளம்பர நிரல்களையும், பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் அனலிட்டிக்ஸ் நிரல்களையும் எடுத்துவிட வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி 13 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டக்கூடாது. 2013 திருத்தத்துக்குப் பின் கருவியைப் பின்தொடரும் அடையாள எண்களும் அதில் அடக்கம். குழந்தைகள் பெற்றோருக்குத் தெரியாமல் ஆப்புக்குள் வாங்கிய விவகாரத்தில் ஆப்பிள் 2014-இல் குறைந்தது 3.25 கோடி டாலர் திருப்பித்தர ஒப்புக்கொண்டது. தொலைக்காட்சிக்காரர்களின் சட்டப்பிரிவு இதையெல்லாம் மறக்காது.

அடுத்தது, தாய் ஆப்புக்கும் (பல கேம்களைத் தாங்கும் அந்த ஒரே ஆப்) அதற்குள் ஓடும் கேமுக்கும் இடையிலான பேச்சு. இத்தகைய கேம்கள் செய்ய உதவும் நிரல் தொகுப்புகளான, பிபிஎஸ் கிட்ஸ் பயன்படுத்தும் ஸ்பிரிங்ரோல், பிபிசியின் ஜீனி இரண்டும் ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்தது. எடுத்துப் படித்துப் பாருங்கள். ஸ்பிரிங்ரோலில் ஒலியை நிறுத்து, இடைநிறுத்து, சப்டைட்டில் காட்டு என்ற கட்டளைகள் வெளியிலிருந்து வரும். இந்த மாதிரி அமைப்பில் கேம் தனக்கென்று ஒரு மியூட் பட்டன் வைத்துக்கொண்டு கட்டளையைக் கவனிக்காவிட்டால், குழந்தை வெளியே போன பிறகும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

சோதனையைப் புதுப் போனில் செய்யாதீர்கள். குழந்தையின் கைக்கு வருவது பெரும்பாலும் பெரியவர்கள் கழித்த பழைய டேப்லெட். பல சிறு படங்களை ஒன்றாக அடுக்கிய 2048×2048 பிக்சல் படத்தொகுப்பு ஒன்று கோப்பாக 300 கேபிதான் இருக்கலாம். நினைவகத்தில் விரியும்போது பிக்சலுக்கு 4 பைட் வீதம் 16 எம்பி. அப்படி எட்டு ஏற்றினால் 128 எம்பி, பழைய டேப்லெட் எந்த எச்சரிக்கையும் தராமல் கேமை மூடிவிடலாம். நீளம், அகலம் இரண்டையும் பாதியாக்கினால் ஒவ்வொன்றும் 4 எம்பி ஆகிவிடும். பழைய கருவிக்கு இந்தப் பாதி அளவுத் தொகுப்பை அனுப்புங்கள், பின்னணிப் படங்களில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

முதல் திரையில் பெரிய பிளே பட்டன் கட்டாயம். அழகுக்காக இல்லை: விரல் படாமல் மொபைல் பிரௌசர் ஒலியைத் திறக்காது. படிக்கத் தெரியாத குழந்தைக்கு ஒலிதான் வழிகாட்டி.

தொடும் இடம் ஏறத்தாழ 2 செ.மீ. இருக்கட்டும். டேப்லெட்டைப் பிடிக்கும் கட்டைவிரல் கீழ் ஓரங்களில் கிடக்கும், அங்கே எந்தப் பட்டனும் வேண்டாம். அந்த விரலை முதல் தொடுதலாக எடுத்துக்கொண்டு மற்ற விரலைக் கண்டுகொள்ளாத கேம்களை ‘வேலை செய்யல’ என்று குழந்தை வீசிவிடும். பொருளை இழுக்கும்போது விரலை நடுவழியில் தூக்கினால் பொருள் விட்ட இடத்திலேயே நிற்கட்டும், தொடங்கிய இடத்துக்கு ஓடக்கூடாது. குரல் விளக்கம் ஓடும்போது திரையைப் பூட்டாதீர்கள். பொறுக்கமாட்டாமல் குழந்தை பத்துமுறை தட்டும். சில கேம்களில் அந்தத் தட்டல்கள் வரிசையில் சேர்ந்து, பூட்டு திறந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாயவும் கூடும்.

விலை சொல்வதற்கு முன் மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: சோதிக்கப்போகும் மிகப் பழைய கருவி எது, மொத்தக் கோப்பு அளவுக்கு வரம்பு என்ன, தொடரில் பேசிய குரல் கலைஞர்களின் பதிவை யார் ஏற்பாடு செய்வது. மூன்றாவதுதான் பெரும்பாலும் தாமதமாகும். அதுவரை உங்கள் குரலிலேயே பதிந்து ஓட்டுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனிக் கோப்பாக வையுங்கள், பிறகு மாற்றுவது சுலபம்.