சிவப்பு ஒயர்தான் மைனஸ்: ஃபர்னஸ் வெப்பநிலை பற்றிக் கேள்வி பதில்

சேலத்தில் ஹீட் ட்ரீட்மென்ட் கடைக்காரர்களுக்கு ஏ.எம்.எஸ். 2750 வகுப்பு எடுத்தேன். விமான பாகங்களைப் பதப்படுத்தும் ஃபர்னஸில் வெப்பநிலையை எப்படி அளக்க வேண்டும் என்று சொல்லும் தரவிதி அது. கீழே வரும் 'கப்பிள்' என்பது தெர்மோகப்பிள்: இரண்டு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் இணைத்த வெப்பமானி, கே டைப் அதில் ஒரு வகை. சூட்டுக்கேற்ப அது தரும் சில மில்லிவோல்ட் மின்னழுத்தத்தை டிகிரியாகக் காட்டி, சூட்டைக் கூட்டிக் குறைப்பது கண்ட்ரோலர். அன்று நேரம் போதவில்லை. சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

எங்களிடம் 2012-இல் வந்த 'இ' பதிப்புதான் இருக்கு. போதுமா சார்? (சூரமங்கலம்)

பழைய பஞ்சாங்கம். அதன்பின் 2020-இல் எஃப், 2022-இல் ஜி, 2024-இல் எச் வந்தாயிற்று. ஆர்டரில் எந்தப் பதிப்பு போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கண்ட்ரோலர் முழு எண்தான் காட்டுது. புதுசு வாங்கணுமா?

தசம ஒரு இலக்கம் காட்ட வேண்டும் என்று எஃப் பதிப்பு சொன்னது. அதற்குக் கொடுத்த இரண்டு வருட அவகாசம் 2022 ஜூனோடு முடிந்தது. வாங்கும் முன் மெனுவைத் தோண்டிப் பாருங்கள். சிலதில் அந்த வசதி உள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கும்.

ஏற்காட்டில் வீட்டில் வைத்து, கொதிக்கும் தண்ணீரில் கே டைப் கப்பிளை விட்டேன். 95தான் காட்டுச்சு. கப்பிள் போச்சா அண்ணா?

கப்பிள் மேல் பழி போடாதீங்க தம்பி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே சேலத்தில் 99 காட்டும். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்து விட்டுப் பாருங்கள், மலை ஏறினாலும் இறங்கினாலும் பூஜ்யம்தான். ஆனால் இதை ஆடிட்டரிடம் காலிபரேஷன் என்று காட்டிவிடாதீர்கள். பூஜ்யத்தில் சரியாக இருப்பது 500-இல் தப்பாக இருக்கலாம்.

530 டிகிரியில் ஓடிய கே கப்பிளை, 121-இல் ஓடும் ஏஜிங் (மிதமான சூட்டில் வைத்து உறுதியாக்கும்) ஃபர்னஸுக்கு மாற்றலாமா?

கூடாது. 260 டிகிரிக்கு மேல் பார்த்த கே கப்பிளை அதற்குக் கீழே பயன்படுத்தக் கூடாது என்பது விதி. காரணம் தெரிந்தால் மறக்காது. சுமார் 250 முதல் 550 டிகிரிக்குள் நிக்கல்-குரோமியம் கம்பியின் அணுக்கள் வேறு மாதிரி அடுக்கிக்கொள்ளும், மில்லிவோல்ட் மாறிவிடும். இன்னொன்று: மில்லிவோல்ட் நுனியிலே பிறக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். சூடும் குளிரும் மாறுகிற இடத்தில், கம்பியின் நீளத்தில்தான் பிறக்கிறது. அதனால் பழைய கப்பிளை வேறு ஆழத்தில் செருகினாலே ரீடிங் நகரும். கிளாஸ் 2 ஃபர்னஸுக்கு (உள்ளே சூடு எவ்வளவு சீராக இருக்கிறது என்று பார்த்துப் பிரித்த வகுப்பு) மொத்தமே கூடக்குறைய 6 டிகிரிதான் இடம். அதில் பாதியைக் கப்பிளே தின்றுவிட்டால்?

டெஸ்ட் கப்பிளோடு (சரிபார்க்கச் செருகும் தனிக் கப்பிள்) ஒப்பிட்டால் எங்கள் ரீடிங் குறைவு. ஆஃப்செட் (ரீடிங்கோடு கூட்டும் திருத்த எண்) போட்டுவிடலாமா?

போடலாம், எழுத்தில் பதிவோடு. ஆனால் காரணம் தேடிய பிறகுதான். டெஸ்ட் கப்பிளின் நுனி, கண்ட்ரோல் கப்பிளின் நுனியிலிருந்து 76 மில்லிமீட்டருக்குள் இருந்ததா?

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கடையில் ஐம்பது டிகிரி வரை குறைவாகக் காட்டியது. ரீடிங் குறைவாக வந்தால் கண்ட்ரோலர் சும்மா இருக்குமா? இன்னும் சூடேற்றியது, அலுமினிய ஜாப் கொப்புளித்துவிட்டது. எலக்ட்ரீஷியன் எக்ஸ்டென்ஷன் ஒயரில் (கப்பிள் தலையிலிருந்து கண்ட்ரோலர் இருக்கும் பேனலுக்குப் போகும் ஒயர்) சிவப்பைப் பிளஸ் என்று கட்டியிருந்தார். அமெரிக்க நிற முறையில் கே டைப்புக்கு மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ்! இரு முனையிலும் மாற்றிக் கட்டினால், கப்பிள் தலைக்கும் பேனலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் ரீடிங்கிலிருந்து இரண்டு மடங்காகக் கழிந்துவிடும். அந்த வித்தியாசம் நம் ஏப்ரல் மதியம் ஒன்று, மார்கழி விடியற்காலை ஒன்று. இதில் எந்த எண்ணை ஆஃப்செட்டாகப் போடுவீர்கள்? மூடியைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள்.