மவுண்டன் பைக் ஸ்டேஜ் ரேஸுக்குத் தயாராகிக்கொண்டே நிதியும் திரட்டுவது எப்படி?

உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்தது. நாலு வருஷம் முன்னால் நானும் இதே இடத்தில்தான் நின்றேன். எட்டு மாத அவகாசம், நாளுக்கு ஒரு கட்டமாக ஏழு நாள் ஓட்டும் ஸ்டேஜ் ரேஸ், இருவர் அணி, ஒரு தொண்டு நிறுவனத்திடம் வாய்விட்டுச் சொல்லிவிட்ட ஒரு தொகை, போதாததற்கு வேலையும் வீடும். இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்று கேட்கிறீர்கள். ரேஸை முடிக்க முடியாமல் போனால் பணம் கொடுத்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்றும் கேட்கிறீர்கள். சைக்கிள் பக்கம் நான் ஓரளவு சரியாகச் செய்தேன், பணத்தின் பக்கம் சொதப்பினேன். சொதப்பலிலிருந்தே தொடங்குகிறேன்.

பயிற்சியும் நிதி திரட்டலும் தனித்தனி வேலை மாதிரித் தெரியும். இரண்டும் தின்பது ஒரே நேரத்தை: வேலை முடிந்து வந்தபின் மிஞ்சும் இரண்டு மணி நேரம், அப்புறம் சனி ஞாயிறு. "ரேஸ் நெருங்கும்போது கேட்டால்தான் ஆர்வம் வரும்" என்று நினைத்து, பணம் கேட்பதை ஐந்து மாதம் தள்ளிப்போட்டேன். பயிற்சி உச்சத்துக்குப் போவதும் அந்தக் கடைசி மாதங்களில்தான். சனிக்கிழமை ஐந்து மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, நன்றிக் கடிதம் எழுத உட்கார்ந்தால் பாதி வரியில் கண் சொக்கிவிடும். ஒருவருக்கு "உங்கள் ஆதரவுக்கு மிக்க" என்று மட்டும் போயிருக்கிறது. மிக்க என்ன என்று திரும்பக் கேட்டார்.

அதனால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதல் இரண்டு மாதம் உடம்பை மெதுவாகப் பழக்கும் காலம், மூளை ஓய்வாக இருக்கும். இலக்கில் பாதியாவது அதற்குள் வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேஸ் வாரத்திலும் அதற்கு அடுத்த வாரத்திலும் இன்னொரு அலை தானாகவே வரும்.

கேட்பது எப்படி? இருநூறு பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினேன். ஏழு பேர் கொடுத்தார்கள். மற்றவர்கள் கெட்டவர்கள் இல்லை. எல்லாருக்கும் வந்த செய்தி யாருக்கும் வந்த செய்தி இல்லை, அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் ஆபீஸில் கணக்குப் பிரிவு அக்காவின் மேசைப் பக்கம் போய் நின்றேன். பேனாவை எடுத்துப் பார்த்தேன், காலண்டரைப் பார்த்தேன், ஏசி கூடக் குறைவாக இருக்கிறது என்றேன். "என்ன வேணும், சொல்லு" என்றார். சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்தக் காசுக்கு என்ன வாங்குவாங்க?" பள்ளிக்கூடம் தூரமாக இருக்கும் பிள்ளைகளுக்குச் சைக்கிள் என்றேன். "ஒரு சைக்கிள் எவ்வளவு?" சொன்னதும் ஒரு சைக்கிளுக்கான முழுத் தொகையையும் போட்டுவிட்டார். நிதி திரட்டுவதற்கான என் இணையப் பக்கத்தில் நான் மூன்று பத்தி எழுதியிருந்தேன், அதில் ஒரு சைக்கிளின் விலை எங்கேயும் இல்லை. அன்று ராத்திரியே மாற்றினேன்.

எண்ணக்கூடிய ஒன்றைக் காட்டினால் கொடுப்பவருக்குக் கை வருகிறது. வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பு 2004 சுனாமிக்கு அடுத்த வருஷம் இலங்கையில் தொடங்கியது. அங்கே மட்டும் 24,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்களைக் கொடுத்தது, பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போனது. 'விழிப்புணர்வு' என்ற பெயரில் கேட்பதைவிட 'ஒரு சைக்கிள்' என்று கேட்பது ஏன் எளிது என்று அதைப் பார்த்தால் புரியும். உங்கள் நிறுவனம் வேறு வேலை செய்தாலும் இப்படி ஓர் அலகு இருக்கும்: ஒரு நாள் சாப்பாடு, ஒரு கண் அறுவை, ஒரு மாதப் படிப்பு. அவர்களிடமே கேட்டு வாங்குங்கள், நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள்.

உங்கள் நுழைவுக் கட்டணம், பயணம், சைக்கிள் செலவு எல்லாம் உங்கள் பாக்கெட்டிலிருந்து போகட்டும். அதைப் பக்கத்தில் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். "நீ மலையில் சுற்றிப் பார்க்க நான் ஏன் காசு தரணும்?" என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், மனசுக்குள் கேட்பார்கள். பணம் உங்கள் கணக்கைத் தொடவே கூடாது, நேராக நிறுவனத்துக்குப் போய் ரசீது வர வேண்டும். தொண்டு நிறுவனம் மூலமாகவே ரேஸில் இடம் பெற்றிருந்தால், குறைந்தபட்சத் தொகை வராதபோது மீதியை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பல இடங்களில் அது நீங்கள்தான். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று யாராவது வாக்குக் கொடுத்தால் சிரித்துக்கொண்டே "மொத்தமாகவே கொடுத்துவிடுங்களேன்" என்று சொல்லிவிடுங்கள். ரேஸ் முடிந்தபின் அதை வசூலிக்க அலைந்தது ஏழு நாள் ஓட்டியதைவிட அலுப்பு.

தூரத்தையும் ஏற்றத்தையும் சும்மா எண்ணாகச் சொன்னால் சைக்கிள் ஓட்டாதவர்களுக்கு ஒன்றும் புரியாது. தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக் என்ற மவுண்டன் பைக் ஸ்டேஜ் ரேஸ் 2004-இல் தொடங்கியது, எட்டு நாள், 600 கிலோமீட்டருக்கு மேல், ஏற்றம் 15,000 மீட்டரை ஒட்டி வரும். "கடல் மட்டத்திலிருந்து எவரெஸ்ட் உச்சி வரை ஏறி இறங்கி, மறுபடி பாதிக்கும் மேலே ஏறுவது" என்றால் பாட்டிக்கும் புரியும். உங்கள் ரேஸின் எண்களை வைத்து இதே மாதிரி ஒரு வரி தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சைக்கிளுக்கு வருவோம்.

ஒரு நாள் ரேஸில் இருக்கிற பலத்தையெல்லாம் இறைத்துவிட்டு விழலாம். ஸ்டேஜ் ரேஸ் என்பது நேற்று களைத்த காலோடு இன்றைக்கு ஓட்டுவது. பயிற்சியில் அதைத்தான் பழக வேண்டும். வாரத்துக்கு 8 முதல் 12 மணி நேரம் கிடைத்தால் முடிக்கும் நோக்கத்துக்குத் தாராளம். அதில் பெரும்பகுதி, பக்கத்தில் ஓட்டுபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் இருக்கட்டும். ஆரம்பத்தில் இது அவமானமாக இருக்கும், கூடை வைத்த சைக்கிளெல்லாம் உங்களைத் தாண்டிப் போகும். போகட்டும். வாரத்தில் ஒரு நாள், நடுவில் இடைவெளி விட்டு எட்டு நிமிட ஏற்றம் நாலு முறை, மூச்சு முட்ட. நாலு வாரத்துக்கு ஒரு முறை அளவைக் குறைத்து உடம்புக்கு இடம் கொடுங்கள். நாலாவது மாதத்திலிருந்து சனிக்கிழமை ஐந்து மணி நேரம், ஞாயிறு நாலு மணி நேரம் என்று அடுத்தடுத்து. ரேஸுக்கு ஆறேழு வாரம் முன்பு லீவு போட்டு மூன்று நாள் தொடர்ந்து ஓட்டுங்கள். அந்த மூன்றாவது நாள் காலையில் எதெல்லாம் வலிக்கிறதோ அதுதான் உங்கள் வீட்டுப்பாடம். எனக்குக் கால் வலிக்கவில்லை. உள்ளங்கையும் இடுப்பும் வலித்தன. இறக்கத்தில் பிரேக்கை நான்கு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு விரல் போதும், குதிகாலைத் தாழ்த்தி, பார்வையைச் சக்கரத்தின் மேல் வைக்காமல் தூரத்தில் வைக்க வேண்டும். இதைப் பழக இரண்டு மாதம் பிடித்தது. கடைசி இரண்டு வாரம் நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், வேகத்தைக் குறைக்க வேண்டாம்.

சாப்பாட்டையும் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். குளுக்கோஸ் மட்டுமென்றால் குடல் மணிக்கு 60 கிராம் அளவில் கையை விரித்துவிடும். ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல், இரண்டும் கலந்த ஜெல்லும் பானமும் விற்பதற்குக் காரணம் அதுதான். ஆனால் பழகாத வயிற்றில் 90 கிராம் போட்டால் புதருக்குப் பின்னால் ஓட வேண்டியிருக்கும். நீண்ட ஓட்டங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மூன்றாம் நாளில் இனிப்பைப் பார்த்தாலே குமட்டும், உப்பாக ஏதாவது கையில் இருக்கட்டும். முகாமுக்கு வந்ததும் ஈர ஷார்ட்ஸை உடனே கழற்றிவிடுங்கள், துவைத்ததை மட்டும் போடுங்கள், உரசலைத் தடுக்கும் க்ரீமைத் தாராளமாகப் பூசுங்கள். சீட்டில் உட்காரும் இடத்தில் ஒரு புண் வந்தால் எட்டு மாதப் பயிற்சியும் அதோடு சரி.

இருவர் அணி என்றால் பல ரேஸ்களில் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டுப் போக முடியாது. கேப் எபிக்கில் இடைவெளி 2 நிமிடத்தைத் தாண்டினால் தண்டனை. எங்கள் இருவரில் என் பார்ட்னர் பலசாலி. ஏற்றத்தில் அவர் முன்னால் போய்த் திரும்பித் திரும்பிப் பார்ப்பார், அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும். இரண்டாம் நாள் ராத்திரி பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம்: ஏற்றத்தில் நான் முன்னால், உபகரணப் பை அவர் முதுகில். இந்தப் பேச்சை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், களைத்த பின் டென்ட்டில் வேண்டாம்.

இனி ஹேங்கர் கதை. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், கியர் மாற்றும் டெரெய்லரைச் சட்டகத்தோடு சேர்த்துத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு அது. அடி பட்டால் சட்டகத்தைக் காப்பாற்றத் தான் உடையும்படி செய்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் ஒரு வளைவில் சரிந்து பாறையில் இடித்தேன், அது உடைந்தது. பரவாயில்லை, மாற்று இருக்கிறது என்று பையைத் திறந்தோம். எடுத்து வைத்தால் துளை பொருந்தவில்லை. இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான் வாங்கியிருந்தோம், அது அவருடைய சைக்கிளுக்கானது. இப்போது பல புதுச் சட்டகங்களுக்கு ஒரே அளவு வந்துவிட்டது. ஆனால் பழைய சைக்கிள்களுக்கு மாடலுக்கு மாடல் வேறு. கடைசியில் செயினை வெட்டிச் சுருக்கி ஒரே கியரில் மாட்டினோம். சஸ்பென்ஷன் அமுங்கும்போதெல்லாம் செயின் தளர்ந்து குதிக்கும், இறங்கி மாட்டுவேன், மறுபடி குதிக்கும். 30 கிலோமீட்டர் அப்படி. நேர வரம்புக்கு 11 நிமிடம் மிச்சம் வைத்து வந்து சேர்ந்தோம். ஆளுக்கு இரண்டு ஹேங்கர் வாங்குங்கள். புறப்படும் முன் மாட்டிப் பாருங்கள். டியூப் இல்லாத டயருக்குள் ஓட்டையை அடைக்க ஊற்றும் சீலன்ட் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும், அதையும் புதுசாக ஊற்றிக்கொண்டு போங்கள்.

அன்று மாலை கறுத்த விரல்களோடு நாலு வரி எழுதி, செயின் படம் ஒன்றும் சேர்த்து தம்பிக்கு அனுப்பினேன். ரேஸ் வாரத்தில் பக்கத்தை அவன்தான் பார்த்துக்கொண்டான். உங்களுக்கும் வீட்டில் ஓர் ஆள் வேண்டும், முகாமில் உங்களால் முடியாது. எட்டு மாதம் நான் போட்ட பயிற்சிப் படங்களுக்கு வராத பணம் அந்த உடைந்த துண்டுக்கு வந்தது. கொஞ்சம் கடுப்பாகக்கூட இருந்தது. "நீங்கள் வாங்கிக் கொடுக்கும் சைக்கிளுக்கும் ஒரே கியர்தானே, பழகிக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் எழுதி இரண்டு சைக்கிளுக்கான தொகை போட்டிருந்தார்.

முடிக்க முடியாமல் போனால்? நாங்கள் முடிக்கவில்லை. ஆறாம் நாள் ராத்திரி பார்ட்னருக்கு வாந்தி பேதி, மருத்துவக் கூடாரத்தில் டிரிப்ஸ். கடைசி நாள் நான் மட்டும் ஓட்டினேன், அது அணிக் கணக்கில் சேரவில்லை. முடிவுப் பட்டியலில் எங்கள் பெயருக்கு நேரே ஒரு கோடுதான். நல்லவேளையாக, "முடித்தாலும் முடிக்காவிட்டாலும் பணம் பிள்ளைகளுக்குத்தான்" என்று முதலிலேயே பக்கத்தில் எழுதியிருந்தேன், நீங்களும் எழுதிவிடுங்கள். நடந்ததை அன்றைக்கே அப்படியே போட்டோம். யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸில் கணக்குப் பிரிவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போகப் பார்த்தேன். அக்கா கூப்பிட்டுவிட்டார். பட்டியலில் இருந்த அந்தக் கோடு பற்றி விளக்க வாயைத் திறந்தேன்.

"அதை விடு. எத்தனை சைக்கிள் ஆச்சு?"

நாற்பத்தொன்று என்றேன்.