சார்புத் திசைவேகக் கணக்கில் எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது?

சார்புத் திசைவேகம் என்றால் ஒருவர் கண்ணுக்கு இன்னொன்று எவ்வளவு வேகமாக, எந்தத் திசையில் போவதாகத் தெரிகிறது என்பது. மழைக் கணக்கில் கழிக்கிறார்கள், ஆற்றுக் கணக்கில் கூட்டுகிறார்கள், எதை எங்கே செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பதினொன்றாம் வகுப்பில் எனக்கும் இதே குழப்பம்தான்.

அது தீர்ந்தது கல்லூரி நாட்களில், மதுரையில் கோரிப்பாளையத்திலிருந்து சிம்மக்கல்லுக்கு, வைகை மேலுள்ள ஏ.வி. பாலத்தில் வண்டியில் வந்தபோது பிடித்த ஒரு மழையில். காற்றே இல்லை, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் மழை நேராகத்தான் இறங்குகிறது, ஆனால் என் முகத்தில் மட்டும் அறைகிறது. சட்டையின் முன்பக்கம் தொப்பலாக நனைந்துவிட்டது, முதுகு ஏறக்குறைய காய்ந்தே கிடந்தது.

யார் கண்ணால் பார்க்கிறோமோ அவரை நிற்க வைக்க வேண்டும். அவருடைய திசைவேக அம்பை (நீளம் வேகம், முனை திசை) திருப்பிப் போட்டு மற்ற அம்போடு சேருங்கள், கழித்தல் என்பது இவ்வளவுதான். நான் தெற்கே 6 மீ/வி என்றால் திருப்பிய அம்பு வடக்கே 6. மழை கீழே 8. இரண்டையும் தலை வால் சேர்த்து வரைந்தால் கர்ணம் 10 மீ/வி, செங்குத்திலிருந்து சாய்வு ஏறக்குறைய 37 டிகிரி. குடையை முன்பக்கம் அவ்வளவு சாய்க்க வேண்டும் (வண்டியில் குடை பிடிக்காதீர்கள், அது வேறு).

ஆற்றிலும் இதே கழித்தல்தான். நீரைப் பொறுத்துப் படகின் திசைவேகம் என்பது, கரையைப் பொறுத்த படகின் திசைவேகத்திலிருந்து நீரின் திசைவேகத்தைக் கழித்தது. கணக்கில் பெரும்பாலும் முதலாவதைக் கொடுத்து இரண்டாவதைக் கேட்பார்கள். நீரின் அம்பு சமன்பாட்டின் அந்தப் பக்கம் போகும்போது கூட்டலாகிறது.

வைகை 120 மீட்டர் அகலம், கிழக்கே 3 மீ/வி ஓடுகிறது, படகு நீரைப் பொறுத்து 5 மீ/வி என்று வைத்துக்கொள்வோம். (வைகையில் படகா என்று சிரிக்காதீர்கள், தண்ணீர் வரட்டும்.) முனையை நேர் எதிர்க்கரைக்கு வைத்தால் 24 விநாடியில் போய்விடும், ஆனால் 72 மீட்டர் கிழக்கே தள்ளிக் கரை சேரும். நேர் எதிரே போய் இறங்க வேண்டுமா, முனையை மேற்கே 37 டிகிரி திருப்ப வேண்டும். அப்போது 5 தான் கர்ணம், கரைக்குச் செங்குத்தாக மிஞ்சுவது 4, நேரம் 30 விநாடி.

இந்த இரண்டாவது வகையில்தான் பலரும் 5-ஐயும் 3-ஐயும் செங்கோணத்தில் வரைந்து ரூட் 34 என்று எழுதிவிட்டு வருவார்கள். அரையாண்டுத் தேர்வில் நானும் அதைத்தான் எழுதினேன்.