வாசகர் கேள்விகள்: அறுபதுக்கு மேல் ஆங்கிலக் கால்வாய்

கேள்வி: வயது 62. நீச்சல் குளத்தில் தினமும் 3 கி.மீ. நீந்துகிறேன். ஆங்கிலக் கால்வாயைக் கடக்க ஆசை. இந்த வயதில் நடக்கிற காரியமா?
- வாசகர், திருநெல்வேலி

நடக்கும். தென்னாப்பிரிக்க இதய அறுவை மருத்துவர் ஓட்டோ தானிங் 2014-இல் அதைக் கடந்தபோது அவருக்கு வயது 73. எடுத்துக்கொண்ட நேரம் 12 மணி 52 நிமிடம்.

தூரத்தைவிட உங்களைச் சோதிக்கப்போவது குளிர். கோடையிலும், நீச்சல் தொடங்கும் இங்கிலாந்துக் கரையான டோவரில் கடல் 15 முதல் 18 டிகிரிதான். வெட்சூட் என்கிற, உடம்பை மூடிக் குளிர் தாங்கும் ரப்பர் உடை கூடாது. சாதாரண நீச்சலுடை, ஒரு தொப்பி, நீச்சல் கண்ணாடி, அவ்வளவுதான் அனுமதி. முன்தகுதியாக, 16 டிகிரி அல்லது அதற்கும் கீழான நீரில் 6 மணி நேரம் நீந்திக் காட்ட வேண்டும். தாமிரபரணியில் எத்தனை மணி நேரம் கிடந்தாலும் அந்தக் குளிர் பழகாது. சில வாரம் முன்பே அங்கே போய்த் தங்குங்கள். முதல் நாள் 10 நிமிடத்தில் கரையேறிவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

அடுத்தது வேகம். நேர்கோட்டில் 33 கி.மீ. சொச்சம்தான். ஆனால் சுமார் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறுவதால், நீந்திய பாதை 'எஸ்' எழுத்துபோல வளைந்துவிடும். பிரெஞ்சுக் கரையில் காப் கிரி நே என்ற முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. களைத்து வேகம் குறைந்து அதைத் தவறவிட்டால், கரை கண்ணெதிரே இருந்தும் இன்னும் சில மணி நேரம் நீந்த வேண்டிவரும். மணிக்கு 2 கி.மீ.தான் முடியும் என்றால் முதலில் வேகத்தைக் கூட்டப் பாருங்கள்.

இசிஜி, எக்கோ, டிரெட்மில் என்ற மூன்று இதயப் பரிசோதனைகளையும் எடுத்துவிடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். குளிரில் கைகால் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் நெஞ்சுப் பக்கம் சேர்கிறது. சிலருக்கு அதனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நீந்தும்போதே மூச்சிரைப்பு, இருமல், இளஞ்சிவப்பு நுரை தெரிந்தால் அந்த நிமிடமே கூடவே வரும் துணைப் படகில் ஏறிவிட வேண்டும். அன்றைக்கு வீம்பு வேண்டாம்.

கேள்வி: கடலில் எப்படிச் சாப்பிடுவது? படகைத் தொடவே கூடாதாமே?
- வாசகர், நாகப்பட்டினம்

தொட்டால் முயற்சி அங்கேயே முடிந்தது. கயிறு கட்டிய பாட்டிலைப் படகிலிருந்து வீசுவார்கள். மல்லாந்து மிதந்தபடி குடித்துவிட்டு விட்டுவிட வேண்டும். மணிக்கு 60 கிராம் அளவு மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற, சீக்கிரம் செரிக்கும் மாவுச்சத்து மாவை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, இரண்டு தவணையாக 250 மி.லி. வீதம் குடிக்கலாம். அரை நிமிடத்துக்கு மேல் நின்றால் உடம்பு குளிர்ந்துவிடும், அதற்குள் நீரோட்டமும் இழுத்துப் போகும்.

கரைசல் கெட்டியானால் வயிற்றில் தங்கி வாந்தியாக வரும். அப்போது மாவைக் குறைத்து நீர்க்க விடுங்கள். அதற்காக வெறும் தண்ணீராகவே குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி விரல் வீங்கும், பேச்சு குழறும். உப்பு நீரில் நாக்கு தடித்துப்போகும். நீர்க்க வைத்த மவுத்வாஷால் கொப்பளித்தால் கொஞ்சம் தேவலை.

கேள்வி: உடம்பெல்லாம் கொழுப்பு பூசினால் குளிர் தெரியாதாமே?
- வாசகர், சென்னை

வெறும் பேச்சு. வாஸ்லினும் லனோலினும் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு) கலந்து பூசுவது உராய்வுக்காக. அக்குள், கழுத்து, தொடையிடுக்கு, நீச்சலுடைப் பட்டை படும் இடம் போதும். கண்ணாடியில் பட்டால் பார்வை போச்சு, அதனால் பூசுகிறவர் கையுறை போடட்டும்.

குளிர் ஏறுவதைப் படகில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். கைவீச்சை அரை மணிக்கு ஒருமுறை எண்ணட்டும். நிமிடத்துக்கு 60 இருந்தது 50-க்கு இறங்கி, கேட்ட கேள்விக்குப் பதிலும் தடுமாறினால் வெளியே எடுத்துவிட வேண்டியதுதான். கரையேறிய பிறகும் உடல் வெப்பம் இன்னும் சிறிது நேரம் இறங்கும். துடைத்து, முதலில் மேலுடம்புக்கு உலர்ந்த துணி போட்டு, உட்கார வைத்துச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். உடனே வெந்நீர்க் குளியல் வேண்டாம், ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழ வாய்ப்புண்டு.