மரப் பால்கனியில் கரி அடுப்பு: நோட்டீஸ் செல்லுமா?

டெக்சாஸில் உங்கள் அடுக்குமாடி வாடகை வீட்டின் பால்கனியில் கரி அடுப்பு (கிரில்) மூட்டக் கூடாது என்று வந்த நோட்டீஸ் செல்லுமா என்று கேட்கிறீர்கள். செல்லும். இரண்டாம் மாடி மரப் பால்கனியில் கரி அடுப்பை மூட்டக் கூடாது. டெக்சாஸ் நகரங்கள் பலவும் பின்பற்றும் பன்னாட்டுத் தீத்தடுப்பு விதித்தொகுப்பின் 308.1.4ஆம் பிரிவு, எரியக்கூடிய கட்டுமானத்திலிருந்து 10 அடிக்குள் கரி அடுப்பைத் தடுக்கிறது. பால்கனியின் அகலமே அவ்வளவு இராதே!

பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் நோட்டீஸ் வரவில்லை என்கிறீர்கள். அவருடையது மின்சார கிரில்லாக இருக்கலாம். அதில் திறந்த தீ இல்லை.

பால்கனியில் அண்ணாந்து பாருங்கள். கட்டடத்தோடு பால்கனிக்கும் தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான் இருந்தால் இந்த விதியில் விலக்கு உண்டு. கூடத்தில் மட்டும் இருந்தால் போதாது.

ஆனால் விதி விட்டாலும் வாடகை ஒப்பந்தம் விடாமல் போகலாம். கையெழுத்திடும்போது அந்தப் பக்கத்தை யார்தான் படிக்கிறோம்? நகரங்கள் இவ்விதியைத் திருத்தியும் ஏற்பதுண்டு. உள்ளூர்த் தீயணைப்புத் துறையிடம் கேட்டுவிடுங்கள்.