கடிதம்: சூரைச்செடியின் கீழ்

அன்புள்ள ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். எனக்கு 36 வயது. சிறுவயதிலிருந்தே சபைக்குள் வளர்ந்தவள். பாடகர் குழுவில் இருக்கிறேன், ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன், ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒன்றரை வருடமாக உள்ளே வெறுமையாக இருக்கிறது. ‘கர்த்தர் உன் வாழ்க்கைக்கு ஓர் அற்புதமான திட்டம் வைத்திருக்கிறார்’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்தத் திட்டம் என்ன என்று கேட்டு உபவாசித்து ஜெபித்தேன். வேதத்தைத் திறந்து கண்ணில் பட்ட வசனங்களைக் குறித்துவைத்தேன். ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. வேதத்தில் பிரசங்கி புத்தகம் ‘எல்லாம் மாயை’ என்கிறது, அதுதான் உண்மை என்று தோன்றுகிறது. வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனால் இந்த வெறுமை போய்விடுமா? ராஜினாமா கடிதம்கூட எழுதிவைத்திருக்கிறேன். தேவசித்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

‘திட்டம்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் அதிகம் வலிக்கும் இடம் அதுதான். அந்தப் பேச்சுக்கு ஆதாரமாக எல்லாரும் காட்டுவது எரேமியா 29:11. ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் வசனம். ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள்: எழுபது வருஷம் கழித்துத்தான் திரும்பி வருவீர்கள் என்கிறது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் பெரும்பாலோர் அந்த விடுதலையைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. அதுவரை அவர்கள் செய்யவேண்டியது என்ன? ஐந்தாம் வசனத்திலிருந்து ஏழாம் வசனம்வரை இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற அந்த அந்நிய பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். நம் மொழிபெயர்ப்பில் தேவன் தனி ஒருவரோடு பேசும்போது ‘நீ’ என்றுதான் பேசுகிறார். இந்த வசனத்தில் இருப்பது ‘உங்கள்பேரில்’. அது பன்மை. ஒரு ஜனத்துக்குக் கொடுத்த வாக்கு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வரைந்து மூடி முத்திரையிட்டு ஒளித்துவைத்த வரைபடம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காவிட்டால் வாழ்க்கை வீண் என்று அந்த வசனம் சொல்லவில்லை. நீங்கள் தேடிக் களைத்துப்போனது, அங்கே இல்லாத ஒரு பொருளைத்தான். அதனால் கிடைக்கவில்லை என்பது உங்கள் விசுவாசக் குறைவு அல்ல.

அப்படியானால் கிறிஸ்தவ வாழ்வுக்கு நோக்கம் இல்லையா? இருக்கிறது, அது வேறு வரிசையில் வருகிறது. மாற்கு 3:14ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு பன்னிரண்டு பேரைத் தெரிந்துகொண்டது எதற்கு? அவர்கள் ‘தம்மோடுகூட இருக்கவும்’, அதன்பின் அனுப்பப்படவும். உடனிருப்பது முதலில், வேலை இரண்டாவது. நாம் இதைத் தலைகீழாக்கி, ‘என்ன வேலை என்று சொல்லும், அதைச் செய்துகொண்டே உம்மோடு இருக்கிறேன்’ என்கிறோம். பாட்டு, பாடம், கூட்டம் என்று சபையில் ஓடிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது சீக்கிரம் நேரும். அவர்கள் அவரைப் பற்றிப் பேசுகிற நேரம், அவரோடு பேசுகிற நேரத்தைத் தின்றுவிடுகிறது. விசுவாசத்தைக் கேள்வி-பதிலாகக் கற்றுக்கொடுக்க 1647இல் எழுதி முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் சிறிய வினாவிடையின் முதல் கேள்வியே மனிதனின் முதன்மையான நோக்கம் என்ன என்பதுதான். தேவனை மகிமைப்படுத்துவதும் என்றென்றைக்கும் அவரில் இன்புற்றிருப்பதும் என்பது பதில். அந்த இரண்டாம் பாதியை நாம் படிப்பதே இல்லை.

பிரசங்கியைப் பற்றி ஒரு விஷயம். ‘மாயை’ என்ற சொல் நமக்குப் பழைய தத்துவ வாசனையோடு வருகிறது, உலகமே பொய்த்தோற்றம் என்று கேட்கிறது. எபிரெயத்தில் இருக்கும் சொல் ‘ஹெவெல்’. மூச்சு, நீராவி, குளிர்ந்த காலையில் வாயிலிருந்து வெளிவந்து கலைகிற புகை. அந்த 12 அதிகாரங்களில் 38 முறை வருகிறது. காயீனின் தம்பி ஆபேலின் பெயரும் எபிரெயத்தில் இதே சொல்தான். மூச்சு பொய் அல்ல, நிஜம்தான். ஆனால் கைக்குள் பிடித்துவைக்க முடியாது. பிரசங்கி சொல்வது அதைத்தான். அதனால்தான் அதே புத்தகம், சாப்பிடு, குடி, உன் பிரயாசத்தின் பலனை அனுபவி, அது தேவன் அருளும் ஈவு என்று திரும்பத்திரும்பச் சொல்கிறது. வேலையும் பெயரும் சேமிப்பும் உங்களைத் தாங்கும் என்று எண்ணி அவற்றின்மேல் முழுப் பாரத்தையும் போட்டால் அவை தாங்காது. ஊழியமும் அப்படித்தான். இதைப் பின்னால் மறுபடி சொல்வேன்.

இப்போது உங்கள் வெறுமைக்கு வருகிறேன். 1 இராஜாக்கள் 19ஐ ஒரு வைத்தியக் குறிப்பைப் படிப்பதுபோல் படியுங்கள். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளை வென்ற பிறகு எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. சாப்பிடுகிறான், மறுபடியும் படுத்துக்கொள்கிறான். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். அதற்குப் பிறகுதான் ஓரேப் மலைக்கு நாற்பது நாள் நடை. அங்கே போய்ச் சேர்ந்தபின்தான் ‘இங்கே உனக்கு என்ன காரியம்’ என்ற கேள்வி. எலியா தன் குறையை முழுதாகச் சொல்ல இடம் கொடுக்கப்படுகிறது, அதுவும் இரண்டு தடவை. கடைசியில் கிடைப்பது வாழ்க்கை முழுவதற்குமான விளக்கம் அல்ல. மூன்று பேரைப் போய் அபிஷேகம் பண்ணு என்ற வேலை கிடைக்கிறது. அந்த மூவரில் ஒருவன், அவனுக்குத் துணையாக வரப்போகிற எலிசா. கூடவே ஒரு திருத்தம்: நீ ஒருவன் மட்டும் மீதியாக இருக்கிறாய் என்பது சரியல்ல, ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள்.

உணவு, தூக்கம், மனதில் உள்ளதைச் சொல்ல இடம், ஒரு துணை, கைக்கெட்டும் ஒரு வேலை. இந்த வரிசை முக்கியம். ஆகவே முதலில் உடம்பைக் கேளுங்கள். தூக்கமோ பசியோ கெட்டிருக்கிறதா? பிடித்ததில்கூட மனம் ஒட்டாமல், நாளின் பெரும்பகுதி கனமாகவே இருப்பது இரண்டு வாரத்துக்குமேல் தொடர்கிறதா? சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதா? இவற்றில் எதற்காவது ஆம் என்றால், இந்தப் பதிலின் மிச்சத்தைப் படிப்பதற்குமுன் மருத்துவரைப் பாருங்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் இன்றைக்கே. உபவாசத்தை நிறுத்துங்கள். மனச்சோர்வு நோய்க்கு மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று சொல்கிறவர்கள் எலியாவின் அடையை மறந்துவிடுகிறார்கள்.

உடம்பு சரியாக இருந்தும் வறட்சி என்றால், அதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ் அதை ‘அகேடியா’ என்று எழுதிவைத்தார். அவருடைய விவரிப்பு மிக நுணுக்கமானது. நண்பகலை ஒட்டி அது வரும், சூரியன் நகராததுபோல் இருக்கும், பகல் ஐம்பது மணி நேரம் நீளும். துறவி ஜன்னலையே பார்ப்பான், சாப்பாட்டு வேளை வந்துவிட்டதா என்று சூரியனைப் பார்ப்பான், கூட இருக்கிறவர்களிடம் அன்பே இல்லாமல் போயிற்று என்று நினைப்பான், வேறிடம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். கடைசி வாக்கியத்தை உங்கள் ராஜினாமா கடிதத்தோடு சேர்த்துப் படியுங்கள். அவர் சொன்ன மருந்து, இருக்கிற இடத்தில் பொறுத்திருப்பது. அதோடு சங்கீதம் 42ஐக் கொண்டு தன் ஆத்துமாவைத் தானே தேற்றுவது: ‘என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?’ இதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். மனதுக்குள் சொன்னால் அது இன்னொரு கவலையாகச் சுற்ற ஆரம்பித்துவிடும்.

தினசரி ஒழுங்குக்கு வருவோம். வேதத்தைக் கண்டபடி திறந்து குறி கேட்பதை இன்றோடு விடுங்கள். எந்தச் சூழலில் யாருக்குச் சொன்னது என்பதிலிருந்து பிய்த்தெடுத்த வசனம் எதையும் சொல்லும், அதனால்தான் உங்களுக்கு ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களையும் ஒரே அமர்வில் சத்தமாக வாசியுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய ஆகும். அதன்பின் நாளுக்கு ஒரு சம்பவம், பத்துப் பதினைந்து வசனம். இரண்டு தடவை மெதுவாக வாசியுங்கள், மனதைப் பிடித்திழுக்கும் சொல்லில் நில்லுங்கள், அதையே ஜெபமாக்குங்கள், பிறகு சில நிமிடம் பேசாமல் இருங்கள். வாசிப்பு, தியானம், ஜெபம், மௌனம் என்று இந்த நான்கு படிகளையும் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற கார்த்தூசியத் துறவி ஏணியாக அடுக்கிக் காட்டினார். ஆசிரியர்களுக்கு இதில் ஒரு தனி ஆபத்து: வாசிக்கும்போதே பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லலாம் என்று மூளை குறிப்பெடுக்கும். அதனால் வகுப்புக்கான பகுதியும் உங்களுக்கான பகுதியும் ஒன்றாக இருக்கவே கூடாது.

இரவில் பதினைந்து நிமிடம், படுக்கையில் அல்ல, நாற்காலியில். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த ஆத்தும சோதனை ஐந்து படி: நன்றி, ஒளி கேட்டல், நாளைப் பின்னோக்கிப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். பெரும்பாலும் மூன்றாவதுதான் கெடுகிறது. அது குற்றப்பத்திரிகையாக மாறி, நாலு நாளில் நோட்டை மூடிவிடுவோம். அதைத் தடுப்பது முதல் படியின் துல்லியம். ‘குடும்பத்துக்காக நன்றி’ என்று எழுதாதீர்கள். ‘மாலை நாலு மணிக்கு, கூட்டுத்தொகையில் நான் விட்ட பிழையைக் கோபப்படாமல் சுட்டிக்காட்டியவருக்காக நன்றி’ என்று எழுதுங்கள். கீழே இரண்டே வரி: இன்று எப்போது உயிர் வந்தது, எப்போது வறண்டது. மூன்று வாரம் எதையும் ஆராயாமல் எழுதிவிட்டு, பிறகு மொத்தமாகப் படித்துப் பாருங்கள். எந்த மனிதர், எந்த வேலை திரும்பத்திரும்ப வருகிறது என்று தெரியும். அழைப்பு என்பது பெரும்பாலும் அப்படித்தான் தெரியவருகிறது. விசுவாசத்தில் முதிர்ந்த ஒருவரிடம் மாதம் ஒருமுறை அந்த நோட்டைக் காட்டிப் பேசுங்கள். புத்தி சொல்லிக்கொண்டே இருப்பவர் வேண்டாம், கேட்கத் தெரிந்தவராகப் பாருங்கள்.

இதோடு வாரம் ஒரு மணி நேரம், மேடை இல்லாத ஒரு சேவை. மத்தேயு 25இல் பசி, தாகம், அந்நியன், உடையின்மை, நோய், சிறை என்று பட்டியல் இருக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு மனிதரைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் சபைப் பணி இரண்டுமே கேட்பவர்கள் முன்னால் நின்று செய்வது. இது யாருக்கும் தெரியாமல் நடக்கட்டும். புதிதாக வேறு எந்தப் பொறுப்பையும் ஏற்காதீர்கள்.

கடைசியாக முழுநேர ஊழியம். லூக்கா 3இல் வரி வசூலிக்கும் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் யோவான்ஸ்நானனிடம் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். ஜனங்கள் வெறுத்த தொழில்கள் அவை. யோவான் அவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதே, ஒருவரையும் இடுக்கண் செய்யாதே, சம்பளம் போதுமென்றிரு என்கிறார். ஒரு கணக்கு நேர்மையாக முடிவதால் சம்பளம் சரியாகப் போய்ச்சேருகிற குடும்பங்கள் இருக்கின்றன. அது ஊழியத்துக்குக் கீழான வேலை அல்ல. நிஜமான அழைப்பும் உண்டு, மறுக்கவில்லை. அப்போஸ்தலர் 13இல் பர்னபாவும் சவுலும் பிரித்தெடுக்கப்பட்டபோது அவர்கள் ஏற்கெனவே அந்தியோகியா சபையில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். கூட இருந்தவர்கள் உபவாசித்து ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பினார்கள். வெறுமையிலிருந்து தப்பித்து ஓடியவர்கள் அல்ல அவர்கள். வெறுமையை நிரப்ப ஊழியத்தை எடுத்தால், சபைக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையும் பாராட்டும் உங்கள் உணவாகிவிடும், பிரசங்கி சொன்ன அந்த மூச்சுப்புகையைத்தான் அங்கேயும் பிடித்துக்கொண்டிருப்பீர்கள்.

இஞ்ஞாசியாரின் விதி ஒன்று இங்கே நேராகப் பொருந்தும்: வறட்சியில் இருக்கும்போது, அதற்குமுன் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. வறட்சி நீங்கி மனம் அமைதியாக இருக்கும் நாட்களிலும் அந்த விருப்பம் குறையாமல் இருக்கிறதா, உங்களை நன்கு அறிந்த இரண்டு மூன்று பேர் நீங்கள் கேட்காமலே அதைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். ஒரு வருடம் கழித்தும் இரண்டும் இருந்தால் போதகரிடம் பேசுங்கள். அதுவரை அந்த ராஜினாமா கடிதம் அந்த நோட்டுக்குள்ளேயே இருக்கட்டும், மேலே தேதி போடாமல்.